கோழியைக் கேட்ட மணவாளன்

மணவாளன் இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு, இரண்டு கடி கடித்து, முகம் சுளிக்காமல் துப்பிவிட்டுக் கேட்கிறார்: “கோழிய அடச்சு வெப்பீங்களா, அவுத்து வுடுவீங்களா?”

கேட்கப்பட்ட அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பியிருக்கும் ஆலைக் குடியிருப்பு அது. வாசலுக்கு ஒரு வேலி வேண்டும், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், சாமிக்கு நாலு பூவும் கிடைக்க வேண்டும் என்றுதான் அவரை வரச்சொல்லியிருந்தார்கள்.

“வேலிக்கும் கோழிக்கும் என்னங்க சம்பந்தம்?”

“கோழி கீதா, இல்லியா? அத்த சொல்லும்மா.”

“நாலு இருக்கு. கூண்டுலதான்.”

“கூண்ட எங்க வெப்பீங்க?”

“அதோ அந்த மூலைல. வேலியோரமா.”

“அப்ப அரளி கெடயாது.” பேச்சு முடிந்தது என்பதுபோல மணவாளன் போத்துக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறார். போத்து என்பது நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு. “செம்பருத்தி வெக்கிறேன். இல்லாங்காட்டி மருதாணி. கோழிய அவுத்து வுட்டு வளத்தீங்கன்னா அரளி இன்னா, எருக்கங்கட்டையே கொணாந்து நட்டுத் தரேன். அடச்சு வெச்சா செம்பருத்திதான்.”

அந்த அம்மாள் அரளியின் அழகைப் பற்றி மேலும் சொல்லிப் பார்க்கிறார். மணவாளன் காதில் அது ஏறுவதில்லை. அரளிக்கு ஆசைப்பட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்ட வீடுகள் உண்டு. ‘கோழிக் கிறுக்கன்’ என்று பெயர் வைத்த வீடுகளும் உண்டு. அந்தப் பெயர் எளாவூர் வரைக்கும் பரவியிருக்கிறது. எளாவூர்ச் சோதனைச் சாவடியில் நிற்கும் லாரிக்காரர்கள்கூட, சாலையோரம் அவர் நடந்துபோவதைக் கண்டால் வண்டிக்குள்ளிருந்து கொக்கரித்துக் காட்டுவார்கள். அவரும் பதிலுக்கு ஒருமுறை கொக்கரித்துவிட்டுப் போவார்.

ஐம்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. முழங்கால் வரை ஏற்றிக் கட்டிய நாலு முழ வேட்டி. அது வெள்ளை வேட்டியாகத்தான் பிறந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காட்டாமணக்கை வெட்டும்போது கசியும் பால் துணியில் படும்போது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். காய்ந்தபிறகு தேநீர்க் கறைபோலக் கறுத்துவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. “ஊர்ல கீற வேலியெல்லாம் என் புருஷன் வேட்டிலதான் கீது. எந்தக் கறை எந்த ஊட்டு வேலின்னு கேளு, சொல்லுவாரு” என்பார் அவர் மனைவி பச்சையம்மா. அது வெறும் கேலியில்லை. கேட்டால் உண்மையிலேயே சொல்வார்.

கையில் ஒரு கொடுவாள், ஒரு குட்டைக் கடப்பாரை. அவ்வளவுதான் தொழிற்கருவி. குழிக்குக் குழி ஒரு முழம் இடைவெளி. அந்த முழம் அவருடைய கையின் முழம். போத்தின் அடியைச் சாய்வாகச் சீவி, நுனி வெயிலில் காயாமலிருக்கச் சாணி உருண்டை ஒன்றை அப்பி, ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்தது அந்தப் பக்கம் சாயும்படி நட்டுக்கொண்டே போவார். ஒரு மழை போதும். கிளைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, நாய்கூட நுழைய முடியாதபடி இறுகிவிடும்.

முள்கம்பி என்றால் அவருக்கு வேம்பு. புதிய ஆலைகளெல்லாம் முள்கம்பி போடுகின்றன. “கம்பிய வெட்டினா துளுக்குமா? துரு புடிச்சா ஒரு பக்கமா சாஞ்சு படுத்துக்கும். செடி அப்டியா? வெட்ட வெட்ட ரோசம் வந்து வளரும்” என்பார். ஆனாலும் அவருக்குப் பிழைப்பு நடக்கிறது. ஆலைக்குக் கம்பி வேலி போடுகிறவர்கள்கூடத் தங்கள் வீட்டுக்குச் செடிவேலிதான் கேட்கிறார்கள்.

வேலிச் செடிக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஆடு கடிக்கக் கூடாது, மாடு மேயக் கூடாது, கோழி கொத்தக் கூடாது. எது தின்னத் தகாததோ அதுவே வேலிக்குத் தகுந்தது. ஆகவே நம் ஊர்களில் வீட்டையும் தோட்டத்தையும் காத்து நிற்பவை பெரும்பாலும் நஞ்சுகள்தாம். அரளி, எருக்கு, கள்ளி, உண்ணி, காட்டாமணக்கு. பகுத்தறிவோடு பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்பெல்லாம், இத்தனை நஞ்சுக்கு நடுவே இத்தனை கோழிகள் குஞ்சும் குடும்பமுமாக வாழ்வதில்தான் இருக்கிறது.

மணவாளனிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. இப்போது இல்லை, ஒரு காலத்தில் இருந்தது. புதுவேலி வைக்கும்போது எந்த வீட்டுப் பெண்ணாவது, “ஏண்ணா, இத்த கோழி துன்னா இன்னா ஆவும்?” என்று கேட்டால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்: “கோழிக்குத் தெரியும்.”

இந்த இரண்டு சொற்கள் அவருடைய கையெழுத்து மாதிரி. ஊரில் குழந்தைகள்கூட அதைச் சொல்லிக்காட்டும். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவர் வேலியால் ஒரு கோழி செத்ததில்லை. அவர் கண்ணால் கண்டது அது. கோழி வேலியோரமாகவே போகும், மண்ணைக் கிளறும், புழுவை எடுக்கும், பக்கத்தில் கிடக்கும் அரளி இலையை மிதித்துக்கொண்டு நடக்கும், கொத்தாது. “அத்துக்கு அறிவு கீது. நமக்குதான் சந்தேகம்” என்று சிரிப்பார். “கட்டின பொண்டாட்டிய நம்பமாட்டாரு. கோழிய நம்புவாரு” என்று பச்சையம்மா முனகுவார்.

ஞானம்மாவும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான். அவருக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது.

எளாவூருக்கு மேற்கே, ஏரிப் பாசனம் உள்ள சிற்றூர் ஒன்றில் மணவாளனுக்கு அப்போது குடியிருப்பு. ஊரில் பாதி நிலம் ஆதிகேசவன் என்பவருடையது. எல்லாரும் அவரை ‘நைனா’ என்பார்கள். அவர் நிலத்துக்கும் சேரிக்கும் நடுவே காட்டாமணக்கு வேலி வைத்தவர் மணவாளன். சேரியின் கடைசி வீடு ஞானம்மாவுடையது. வீட்டின் பின்சுவருக்கும் வேலிக்கும் இடையே ஆள் நடக்கும் அளவுக்கு ஒரு சந்து, அவ்வளவுதான். வேலி வைத்த அன்று, இடுப்பில் பிள்ளையோடு நின்று அவர் கேட்டார். “கோழிக்குத் தெரியும், போம்மே” என்றார் மணவாளன்.

ஞானம்மாவிடம் இருந்தவை ஆதிகேசவன் வீட்டு வாரக் கோழிகள். பெரிய வீட்டுக்காரர்கள் முட்டையிடத் தொடங்கும் விடைக்கோழி ஒன்றை ஏழைப் பெண்ணிடம் விடுவார்கள். அவள் வளர்க்க வேண்டும். அடைகாக்க விட்டு, பருந்துக்கும் கீரிக்கும் தப்பும் குஞ்சுகளில் பாதி அவளுக்கு, பாதி பெரிய வீட்டுக்கு. தாய்க்கோழி என்றைக்கும் பெரிய வீட்டுச் சொத்து. வாரக் கோழி செத்தால், செத்துப்போனது என்று வாயால் சொன்னால் போதாது. இரண்டு காலையும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை; காலுக்குத்தான் மதிப்பு. இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் யாராயிருந்தாலும், தங்கள் சொல்லுக்கு யாரும் கால் கேட்காத வீட்டில் பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஐ.ஆர்.எட்டு நெல் வந்து ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம். ஆதிகேசவன் அந்த ஆவணியில் புதுவிதை வாங்கி நாற்றங்கால் விட்டார். சேரிக் கோழிகள் வேலியைச் சுற்றிக்கொண்டு போய் நாற்றங்காலைக் கிளறிவிட்டன. நாற்று பிடுங்கும் வரை சேரிக் கோழி எதுவும் வெளியே நடமாடக் கூடாது, கண்ணில் பட்டால் அடித்துப்போடுவேன் என்று அவர் ஆள்விட்டுச் சொன்னார். சேரி மக்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். அவர் கையால் அடிபட்டுச் சாவதைவிட நம் சட்டியில் வேகட்டும் என்று முடிவுசெய்தார்கள். அந்த வாரம் முழுதும் சேரியில் கோழிக்குழம்பு மணத்தது. பஞ்ச மாதமான ஆவணியில் அப்படி ஒரு மணத்தை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

ஞானம்மாவால் மட்டும் அறுக்க முடியவில்லை. அவை அவருடைய கோழிகள் அல்லவே. பின்சுவருக்கும் வேலிக்கும் இடையே இருந்த சந்தின் இரு வாயையும் பனைமட்டையால் அடைத்து, கோழிகளை உள்ளே விட்டார். மனிதருக்கே கஞ்சி இல்லாத மாதத்தில் கோழிக்குப் போட என்ன இருக்கும்? அரிசி களைந்த தண்ணீர் கிடைத்தால் அதை ஊற்றினார். கிளறுவதற்கிருந்த புழுபூச்சியைக் கோழிகள் ஒரு வேளையில் கிளறித் தீர்த்துவிட்டன. பிறகு அங்கே மிச்சமிருந்தவை, வேலியிலிருந்து காய் வெடித்து உதிர்ந்த காட்டாமணக்கு விதைகள். குடத்தோடு நடக்கும் கால்பட்டு ஓடு உடைந்து, உள்ளே வெள்ளைப் பருப்பு தெரிந்த விதைகள்.

கோழிகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, கழுத்து மடங்கிச் செத்தன. கடைசிக் கோழியின் இரைப்பையை ஞானம்மா கீறிப் பார்த்தார். பருப்புத் துணுக்கும் கறுப்பு ஓடும் இருந்தன. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் முதலில் ஓடியது மணவாளன் வீட்டுக்குத்தான்.

“அண்ணா, உங்க வேலி வெதயதான் துன்னுகீது. பாருங்க.”

மணவாளன் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “எங்கியும் துன்னதில்லியேம்மா. வெள்ளக் கழிச்சலா இருக்கப் போவுது.”

“கழிச்சல் வந்தா நைனா ஊட்டுக் கோழிக்கும் வரணும் இல்ல?”

 வேலியின் அந்தப் பக்கத்திலும் இதே விதைகள் உதிர்கின்றன, அங்கே ஆதிகேசவன் வீட்டுக் கோழிகள் கொழுத்துத் திரிகின்றன என்பதுதான் அவர் கண்முன் நின்றது. ஒரே வேலி. அந்தப் பக்கம் சாவு இல்லை. இந்தப் பக்கம் மட்டும் சாவு. இது எப்படி?

ஆதிகேசவனும் அதையேதான் கேட்டார். ஞானம்மா கால்களைக் கொண்டுபோய் வாசலில் வைத்தபோது, “காலு கீது. ஒடம்பு எங்க?” என்றார். விஷம் தின்ற கோழியை நாய், நரி, பிள்ளைகள் எதுவும் தின்றுவிடக் கூடாதென்று ஞானம்மா புதைத்திருந்தார். “பொதச்சியா? சேரி முழுக்கக் கோழிக்கொழம்பு கொதிக்கும்போது நீ மட்டும் பொதச்சியா? எந்த ஊரு நியாயம்டி இது?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். திருடி என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே அது ஊரைச் சுற்றி வந்தது. வாரக் கோழியைத் தின்று காலைக் காட்டியவளைக் களையெடுக்க யார் கூப்பிடுவார்கள்? யார் வீட்டுக் கொல்லையில் நுழைய விடுவார்கள்?

ஒரு வழி சொன்னார்கள். கெங்கையம்மன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தி, அதைத் தாண்டிச் சத்தியம் செய்யட்டும், விட்டுவிடுகிறோம். ஞானம்மா வேதக்காரர். அவருடைய சபை உபதேசியார் சின்னராசு மறுநாளே வந்து சொல்லிவிட்டார்: விக்கிரகத்தின் முன்னால் சத்தியம் செய்தால் திருவிருந்தில் பங்கு கிடையாது. சத்தியம் செய்தால் இயேசுவுக்குத் துரோகி. செய்யாவிட்டால் ஊருக்குத் திருடி. கோழி செத்த காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை அம்மனும் ஏற்கவில்லை, ஆண்டவரும் ஏற்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்ணின் கழுத்தைத்தான் பிடித்தார்கள்.

மணவாளனுக்கு ரோசம் வந்தது அப்போதுதான். “கல்ல இன்னாத்துக்குக் கேக்கணும்? கற்பூரத்துக்கு இன்னா தெரியும்? கோழியவே கேட்டுப் பாத்துடலாம் நைனா” என்றார். ஆதிகேசவன் வீட்டுக் கோழி ஒன்றைக் கூடையில் கவிழ்த்து, உடைத்த காட்டாமணக்கு விதையை மட்டும் போட்டு, பொழுது சாயும் வரை ஊரே பார்க்கட்டும். கொத்தினால் ஞானம்மா சொன்னது மெய். இந்த நாட்டில் எத்தனையோ பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படி ஒரு யோசனை சொன்னதில்லை. சாமியை விட்டுவிட்டுச் சோதனையைக் கேட்ட மனிதர் அவர். அதனால்தான் பிறகு நடந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆதிகேசவன் வீட்டுக் களத்தில், பூவரச மரத்தடியில் கூடையைக் கவிழ்த்தார்கள். ஊர் கூடியது.

“சாட்சிக்குச் சம்மன் குடுத்தாச்சாடா?”

“குடுத்தாச்சு. வக்கீலு வெக்கணும்னு கேக்குது.”

“வக்கீல் டப்புக்கு அது முட்டதான் போடணும்.”

மணவாளன் சிரிக்கவில்லை. கூடைக்குள் விதையைத் தூவி, ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டு, பக்கத்திலேயே குந்தினார். ஞானம்மா களத்துக்குள் வரவில்லை. சேரியிலிருந்து வருகிறவர்கள் அந்தக் களத்துக்குள் வேலைக்கு மட்டும்தான் வரலாம். தன் வழக்கைப் பார்க்க வரக் கூடாது. அவர் வெளியே வெயிலில் நின்றார்.

கோழி விதையை ஒருமுறை பார்த்தது. தண்ணீரைக் குடித்தது. ஒற்றைக் காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கிவிட்டது. பொழுது சாய்ந்து கூடையைத் தூக்கியதும் உடம்பை உதறிக்கொண்டு, நெல் மூட்டைகள் இருந்த பக்கம் ஓடியது. ஊர் கைதட்டிச் சிரித்தது.

“கோழிக்குத் தெரியும்னு நீதானேடா சொல்லுவே மணவாளா” என்றார் ஆதிகேசவன். “தெரிஞ்சுதா?”

மணவாளன் திரும்பிப் பார்த்தபோது வெயிலில் நின்ற இடத்தில் ஞானம்மா இல்லை.

 மறுநாள் விடியற்காலையில், முற்றத்தில் பச்சையம்மா கோழிகளுக்குத் தவிட்டைப் பிசைந்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, கைக்குள் ஏதோ திரும்பி வந்ததுபோல இருந்தது. கூடைக்குள் விடும்போது அந்தக் கோழியை அவர் கையால் பிடித்திருந்தார். அதன் தொண்டைக்குக் கீழே இரைப்பை கூழாங்கல் மாதிரிப் புடைத்திருந்தது. ஆதிகேசவன் வீட்டில் காலையிலேயே வயிறு நிறைய நெல் தின்றுவிட்டு வந்த கோழி அது. அதற்கு ஏன் விதை? இதைச் சொல்லும்போது இன்றைக்கும் மணவாளன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்கிறார். “கைல பட்டுச்சு. மெய்யாலுமே பட்டுச்சு. எனக்குத் தோணல” என்பார்.

அன்றே அவர் தன் வீட்டுக் கோழி ஒன்றைக் கூடைக்குள் அடைத்தார். தவிடு இல்லை, தானியம் இல்லை. விதையும் தண்ணீரும் மட்டும். முதல் நாள் கோழி விதையைத் தொடவில்லை. மறுநாள் கூடையின் விளிம்பைக் கொத்திக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த நாள் விதைகள் காணாமல் போயிருந்தன. வெயில் ஏறுவதற்குள் கோழி கழிந்து, கழுத்து மடங்கிச் செத்தது. பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டார். “முட்டயும் குஞ்சுமா இருந்த கோழிய கொன்னுட்டு இந்த ஆளு நியாயம் கண்டுபுடிக்கறாரு.”

செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு மணவாளன் சேரிக்கு ஓடினார். கடைசி வீட்டின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பானைகூட இல்லை. ஞானம்மாவும் அவர் புருஷன் தேசப்பனும் பிள்ளைகளோடு புறப்பட்டுப் போய்விட்டார்கள். மீஞ்சூர்ப் பக்கம் என்றார் ஒருவர். செங்கல் சூளை என்றார் இன்னொருவர்.

அங்கிருந்து நேராக ஆதிகேசவனிடம் போனார். கோழியைத் தரையில் போட்டு, நடந்ததைச் சொன்னார். தின்பதற்கு வேறு வழியுள்ள கோழிதான் விஷத்தை ஒதுக்கும். அடைத்துப் போட்டுப் பட்டினியும் போட்டால் ஒதுக்காது. ஞானம்மா பொய் சொல்லவில்லை நைனா. நாமதான் தப்பான கோழியைக் கேட்டோம்.

ஆதிகேசவன் பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். “செரிடா. மெய்தான்னே வெச்சுக்கோ. அதுக்கு இப்ப இன்னா பண்ணணும்ன்றே? அவ பூட்டா. நாத்து வளந்துச்சு. வேலி கீது. போய் வேலையப் பாரு.”

உண்மையை நிரூபித்தால் நியாயம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கிற நமக்கெல்லாம் அந்த வெற்றிலைச் சீவலோடு மென்று துப்பப்பட்ட பதில் அது. சந்தேகம் நல்ல கருவிதான். ஆனால் நம் ஊரில் அது எப்போதும் கீழ்நோக்கியே நீட்டப்படுகிறது. பட்டினியில் விஷம் தின்று செத்த கோழிக்குக் கால் கேட்ட யாரும், வயிறு நிறைந்த கோழிக்கு இரைப்பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மணவாளன் அந்த ஊரில் அதிக நாள் இருக்கவில்லை. எளாவூர்ச் சாலையோரத்தில் குடிசை போட்டுக்கொண்டார். ‘கோழிக்குத் தெரியும்’ என்பதை விட்டுவிட்டார். மீஞ்சூர்ப் பக்கம் வேலி வேலை வந்தால், கூலி குறைவென்றாலும் ஒப்புக்கொள்வார். போகிற இடத்திலெல்லாம் சூளை சூளையாக விசாரிப்பார். “யாரு, உங்களுக்கு ஒறவா?” என்று கேட்பார்கள். உறவில்லை என்பதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரமாகும்.

போன தை மாதம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையிலிருந்து ஆள் வந்தது. அதிகாரிகள் வீட்டுத் தோட்டத்துக்கும் தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் நடுவே வேலி வைக்க வேண்டும். லைன் கோழிகள் அதிகாரி வீட்டு ரோஜாப் பாத்தியைக் கிளறுகின்றனவாம். மேற்பார்வையாளர் இராமலிங்கம் கண்டிப்பாகச் சொன்னார்: அரளி, நடுநடுவே காட்டாமணக்கு. ஆடும் தின்னக் கூடாது, கோழியும் நுழையக் கூடாது.

“மருதாணி வெக்கிறேன் சார். கெட்டியா வரும்.”

“மருதாணிய ஆடு மேஞ்சிடும். சொன்னத செய். உனக்கு இன்னா பேஜாரு?”

தொழிலாளர் லைனின் பின்சுவர்களுக்கும் வேலிக்குக் குறித்த கோட்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. மணவாளன் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு அந்தச் சந்தில் நடந்தபோது, ஒரு வீட்டின் பின்வாசலில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார்.

“மணவாளண்ணா தானே?”

தலை நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. மணவாளன் கட்டை இறக்கினார். இறக்கிய பிறகு கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“இங்கியா கீறே, ஞானம்மா?”

“அவருக்கு இங்க உலையாண்ட வேல. நானு கேன்டீன்ல பாத்திரம் கழுவறேன். சின்னவன் பள்ளிக்கூடம் போறான்.” சட்டியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். “பச்சையம்மா அண்ணி சொகமா?”

இத்தனை வருடமாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததை மணவாளன் மூச்சுவிடாமல் சொன்னார். புடைத்த இரைப்பை, தன் வீட்டுக் கோழி, காணாமல் போன விதைகள், ஆதிகேசவனின் வாசலில் தூக்கிப் போட்டது, எல்லாவற்றையும் சொன்னார்.  ஞானம்மா சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்குன்னு அந்தக் கோழியும் செத்துச்சா?” என்றார் கடைசியில்.

“உன் பேர்ல தப்பு இல்லன்னு நெசமா தெரிஞ்சுபோச்சும்மா.”

“அது எனக்குத் தெரியாதாண்ணா?”

கோபம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஞானம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மொதல்ல உங்க ஊட்டுக்குதானே ஓடியாந்தேன். கைல வெச்சுகினு காட்டினேன். இவ பொய் சொல்லமாட்டா, என் வேலிதான் கொன்னுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா பாதிப் பேராவது கேட்டிருப்பாங்க. உங்க பேச்சுக்கு ஊர்ல மதிப்பு இருந்துச்சு. நா சொன்னேன். நீங்க கோழியக் கேட்டீங்க.”

அவர் உள்ளே போனார். கொஞ்சநேரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, மணவாளன் பக்கத்தில் வைத்துவிட்டு, பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார். சந்தில் ஒரு பெட்டைக்கோழி குஞ்சுகளோடு, வேலி வரப்போகும் கோட்டைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தது.

“மணவாளா, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சாவணும்” என்று இராமலிங்கம் தூரத்திலிருந்து குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

மணவாளன் தண்ணீரைக் குடித்தார். கடப்பாரையை எடுத்தார். முழத்துக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு போத்து என்று லைனின் ஒரு கோடியிலிருந்து நட்டுக்கொண்டே வந்தார். ஒன்று இந்தப் பக்கம் சாய, அடுத்தது அந்தப் பக்கம் சாய, வரிசை கோணாமல் வந்தது. ஞானம்மா வீட்டுக்கு நேராக வந்ததும் வழக்கம்போல் குழி தோண்டினார். கட்டிலிருந்து ஒரு போத்தை உருவி, குழிக்குள் இறக்கி, நிறுத்திப் பிடித்தார். பெட்டைக்கோழி குஞ்சுகளோடு அந்த இடத்தில் கோட்டைத் தாண்டி வந்தது. போத்தை வெளியே எடுத்துக் கட்டிலேயே திருப்பிச் செருகினார். தோண்டிய மண்ணைப் புறங்காலால் தள்ளிக் குழியை மூடி, குதிகாலால் மிதித்துச் சமன் செய்துவிட்டு, ஒரு முழம் தள்ளிப் போய் அடுத்த குழிக்குக் கடப்பாரையை ஓங்கினார்.